படத்தில் நின்ற தம்பி

ஜெர்மனியில் என் அண்ணனின் அகதி வழக்கை விசாரித்த நீதிபதி பிறகு அரசியலுக்குப் போனார். முதலில் மாநிலச் சட்டசபை உறுப்பினர், இப்போது அந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சர். தனக்கு வாழ்வு தந்தவர் என்று அண்ணன் அவருடைய படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைப்பார்.

அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து அங்கே போய் இறங்குகிறவர்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக்கொடுக்க ஒருவர் இருந்தார். நடந்தது போதாது என்று பட்டால் ஒரு சாவைச் சேர்த்துவிடுவார். அண்ணனின் கேஸில் செத்தது நான். ஒரே தம்பியை ஆமி சுட்டது என்று அண்ணன் அழுதாராம். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம். "செத்தவன் எப்பிடி இருக்கிறாய்?" என்றுதான் லண்டனில் இருக்கும் எனக்குப் போன் எடுப்பார்.

பொய் சொல்லி விசா எடுத்தவர்களின் பழைய தீர்ப்புகளைத் திரும்பப் பார்க்கப்போவதாக அமைச்சர் சென்ற வருடம் பேசினார். அது கள்ளர்களுக்கு என்று அண்ணன் சொன்னார். அதன் பிறகும் தன் மகளின் கல்யாணப் படம் ஒன்றை, இவர் என் மனைவி, இவர் மகள் என்று எழுதி, நன்றிக் கடிதத்தோடு அவருக்கு அனுப்பினார். நான் படங்களுக்கு நிற்கிறவன் அல்ல. கல்யாணத்தன்று அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். இருவருக்கும் அப்பாவின் மூக்கு.

ஒரு சனிக்கிழமை, லண்டன் ஹரோவில் என் மகளின் தமிழ் வகுப்பு முடியக் காத்து நின்றபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. செத்தவன் என்று கூப்பிடவில்லை.

"தம்பி, அமைச்சர் பதில் போட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு வாழ்த்து. கீழே கையால ஒரு வரி."

"என்ன வரி?"

"படத்தில எனக்குப் பக்கத்தில நிக்கிறது ஆரெண்டு கேட்டிருக்கிறார்."

பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் ஒன்றாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் எண்டு எழுதட்டோ?" என்று கேட்டார்.

அவர் சொல்வதற்கெல்லாம் ஓம் போட்டே வளர்ந்தவன் நான். அன்று மட்டும் ஓம் போடவில்லை. இன்னொரு பொய் எழுதினால் அதையும் அந்த மனிதர் ஞாபகம் வைத்திருப்பார்.

"தம்பி எண்டு எழுதுங்கோ, அண்ணை."

அப்படியே எழுதிப் போட்டார். ஐந்து வாரமாகிவிட்டது, பதில் இல்லை. இப்போது அண்ணன் தினமும் போன் எடுக்கிறார். தபால்காரர் வந்து போய்விட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.