திங்கட்கிழமை வரை இருக்கச் சொன்ன பாண்டிச்சேரி

என் வீட்டுக்காரர் தை மாதம் தவறினார். மே மாதம் என் பையன் சரவணன் திடீரென்று, "பாண்டிச்சேரில ஷமீம் அக்கா கூப்புடுறாங்கம்மா, அஞ்சு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்றான். வியாழன் போக, திங்கள் வர, பஸ் டிக்கெட்டும் போட்டுவிட்டான். இருபத்தேழு வயதில் அவன் எனக்கென்று எடுத்த முதல் டிக்கெட். சந்தோஷப்படவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். நல்ல ஷூவையும் இரண்டு தரம் திருப்பித்தான் பார்ப்பேன்.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். காலை ஆறேகாலுக்கு ஏறினால் எட்டு மணி பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாக நாலரை மணி நேரம். வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில் பொசுக்கும்.

"தனியாவாம்மா போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஏன், கூட ஆள் வரணுமா?"

"இல்லம்மா, பக்கத்து சீட்ல லேடீஸா உக்கார வெக்கலாம்னு கேட்டேன். அதுக்கு இன்னாத்துக்கு இப்டி மொறைக்கிறீங்க?"

நல்லவர்தான் போலிருக்கிறது. ஆனாலும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆற்காட்டில் இறங்கி ஷமீமுக்கு அரைக் கிலோ மக்கன் பேடா வாங்கும்போதும் பை தோளில்தான்.

ஷமீமும் நானும் ஒரே டேபிள். அவள் புருஷன் பாய்க்கு பேக்கரியில் வேலை கிடைத்ததும் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார்கள். கம்பெனியில் ஃபேன் யார் பக்கம் திரும்பவேண்டும் என்று என்னோடு மாதக்கணக்கில் சண்டை போட்டவள், இப்போது ஏசி ரூமையே எனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தாள். வேளைக்கு ஒரு மீன். பாத்திரம் தேய்க்கப் போனால் கையைப் பிடித்து இழுத்தாள். இவ்வளவு மரியாதை எதற்கு?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். கரை ஓரம் கறுப்புக் கல்லாகக் கொட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதை யார் கொட்டினது, எத்தனை லாரி ஆகியிருக்கும் என்று போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டிருப்பார். நான் யாரையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சும்மா சொல்லிப் பார்த்தேன், "நாளைக்கே கெளம்பட்டுமா?"

"நாளைக்கு எறால் வாங்கப் போறேங்க்கா!" என்றாள் ஷமீம். "பஸ்ஸெல்லாம் ஃபுல்லு" என்றார் பாய். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அப்புறம் சமையலறைக்குள் போய் உருதில் பேசிக்கொண்டார்கள். அங்கேதான் தப்பு செய்தாள். உருது பேச வராவிட்டாலும், தெருவெல்லாம் அதையே கேட்டு வளர்ந்த ஆம்பூர்க்காரிக்குப் புரியாதா? ஊரை விட்டு வந்து அதை மறந்துவிட்டாள். நாளைக்கு வாலாஜாவில் சரவணனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். முடிகிற வரை என்னை விடக்கூடாதாம்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் பண்ணவேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்பார்கள். அந்த அவசரம் எனக்கும் தெரியும். நல்ல காரியத்துக்குத் தாலி அறுத்தவள் எதிரே வரக்கூடாது என்பதை மட்டும் யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை.

சமையலறை வாசற்படியில் போய் நின்றேன். "எறால் எத்தினி கிலோடி?"

ஷமீம் கரண்டியைப் போட்டுவிட்டாள். "அல்லா! ஒங்க நாத்தனார்தாங்க்கா சொன்னாங்க... அங்க வந்து ஒதுங்கி நின்னா ஒங்களுக்குத்தானே பேஜாரு?"

"சரவணனுக்குத் தெரியுமா?"

ஷமீம் குனிந்து கரண்டியை எடுத்தாள். அவனுக்குத் தெரியும்.

"பொண்ணு வூடு எங்க?"

"மாவு மில்லுக்கு எதிர்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஞாயிறு காலை ஐந்து மணி பஸ்ஸில் பாய்தான் ஏற்றிவிட்டார். ஆற்காட்டில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வாலாஜா. ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். பத்தரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

"மாப்பிள அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னாங்களே?" என்றாள் பெண்ணின் அம்மா.

"கடல் காத்து வாங்கினேன், சரியாப்பூடுச்சி" என்றேன். நாத்தனார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

சோபாவில் நாத்தனார், அவள் புருஷன், நடுவில் சரவணன். யாரும் நகரவில்லை. பிறகு சரவணன் எழுந்தான். "இங்க உக்காரும்மா." வேறு நாற்காலி இல்லை. அவன் பெண்ணை நின்றுகொண்டே பார்த்தான்.

போகிறவர்களுக்கு: மே மாதத்தில் பகலில் வெளியே சுற்றாதீர்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தோழி வீட்டில் தங்கினால் செலவு கம்மிதான், என்ன விஷயம் என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஷமீம் மேல் இப்போது கோபமில்லை. சரவணன் மரியாதையில் எழுந்தானா, மாட்டிக்கொண்ட கூச்சத்தில் எழுந்தானா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆவணியில் கல்யாணம். முந்தின நாளே மண்டபத்துக்குப் போய், மேடையில் என் நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.