ஏசி அறைக்குள் ஒரு போத்தல் முகில்

காளான் வளர்ப்பதென்று நான் தீர்மானித்ததற்கு, உரும்பிராயில் மண்வெட்டி பிடிக்காமல் செய்யக்கூடிய விவசாயம் அது ஒன்றுதான் என்பதும் ஒரு காரணம். வெள்ளை நூல் போன்ற காளான் இழையைச் சீனித் தண்ணீரில் பெருக்கி, பிறகு வைக்கோலில் விடவேண்டும். ஒரு போத்தலாவது உயிரோடு தேறினால், "இந்த மனுசனுக்கும் ஒண்டு சரிவந்திருக்கு" என்று மனைவி வாயால் சொல்லியாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் கைப்பழக்கத்தில் சீனியை அள்ளிப் போட்டேன். எங்கள் ஊர்த் தேத்தண்ணியின் இனிப்பைத் தாங்கக் காளானுக்குத் திராணியில்லை; இழை அசையவே இல்லை. சீனியைக் குறைத்ததும் வளர்ந்தது, ஆனால் குசினி வெக்கையில் புளித்துக் கள் மணத்தது. எதிர்வீட்டுக்காரர் காரணமில்லாமல் வந்து கதைக்கத் தொடங்கினார். இழைக்கு வேண்டியது இருபத்தைந்து பாகை வெப்பம், அரை இருட்டு, மூடித் துளையில் அடைத்த பஞ்சு வழியே கொஞ்சம் காற்று, தினமும் ஒரு மெல்லிய குலுக்கல். இவ்வளவு சௌகரியமும் எங்கள் வீட்டில் கனடா அண்ணைக்கென்று கட்டிய ஏசி அறையில்தான் உண்டு. தூசி தட்ட மட்டும்தான் அதைத் திறப்போம்.

மிஞ்சிய ஒரே போத்தலை அங்கே வைத்தேன். தெளிந்த தண்ணீரில் வெள்ளை முகிலாய் இழை திரண்டது. அந்த நேரம் பார்த்து அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திறங்கினார். சிரிப்பாரே என்று போத்தலை யன்னல் சீலைக்குப் பின்னால் ஒளித்தேன்.

"எடேய், இருபத்தைஞ்சு ஒரு குளிரே? பதினெட்டிலை விடு."

"ஏசி பழுதாப் போயிடும் அண்ணை."

மறுநாள் மத்தியானம் குலுக்கப் போனால், போத்தலின் அடியில் ஒரு மிடறுதான் கிடந்தது.

"அண்ணை, இதுக்குள்ளை இருந்தது?"

"இளநி தானே? உன்ரை மனிசி எனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறா. இனிப்புக் காணாது. வழுக்கலும் நூல் நூலாய்க் கிடந்தது."

எட்டிப்பார்த்த மனைவி அண்ணையிடம், "ஐயோ அத்தான், அது காளான்!" என்றாள்.

"கொடியேத்தத்திலையிருந்து நான் சைவமெல்லோ! காளான் சைவமோடா?"

"மரக்கறியுமில்லை, மச்சமுமில்லை," என்றேன். சமைத்துத் தின்னும் சிப்பிக் காளான்தான்; அண்ணைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மனித வயிற்றின் முப்பத்தேழு பாகையில் என் இழைக்குப் பிழைக்க வழியில்லை. எனக்கிருந்தது ஒரே கேள்வி.

"வாய் வைச்சோ குடிச்சனீங்கள்?"

"எனக்கென்ன விசரே? அண்ணாந்துதான் குடிச்சனான்."

அத்தனை காலக் கனடாப் பனியும் அவரிடமிருந்து அந்த ஆசாரத்தைப் பறிக்கவில்லை. உதடு பட்டிருந்தால் கிருமி புகுந்திருக்கும். நான் காலில் விழாத குறை.

பிரஷர் குக்கரில் புதுச் சீனித் தண்ணீரை அவித்து, ஆறவிட்டு, அந்த மிடற்றை அதில் விட்டேன். அண்ணை கிணற்றடியில் தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பிராயச்சித்தமாக ஏசியைத் தானே இருபத்தைந்தில் வைத்து, வேர்த்துக்கொண்டு படுத்தார். குலுக்குகிற வேலையையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "நீ தேத்தண்ணி ஆத்திற மாதிரிக் குலுக்கிறாய். தள்ளி நில்."

முகில் மறுபடி திரண்டபோது, வீடியோ அழைப்பில் அண்ணிக்குப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். "பாரப்பா, நான் குடிச்சு மிச்சம் விட்டது." அண்ணி அழைப்பைத் துண்டித்தார்.

நான் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிவந்திட்டுதுதான்," என்றாள். "ஆனா அது அத்தான் வளர்த்ததெல்லோ."