வயிற்றுவலி அல்ல

"வயித்துவலின்னு சொல்லிருங்க மைனி. யாரு கேட்டாலும் அதயே சொல்லுங்க."

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கொழுந்தன் இப்படிச் சொன்னபோது என் மகள் உள்ளே கண்மூடிப் படுத்திருந்தாள். பிழைத்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கும் முன்பே குடும்பம் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டது.

கொழுந்தன் கெட்டவன் இல்லை. தென்காசி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். என் கணவர் சவூதியில் இருப்பதால் எங்களுக்கு ஆம்பிளைத் துணை அவன்தான். மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான். "பொம்பளப் பிள்ள. நாளைக்கி ஒரு சம்பந்தம் பேச வேண்டாமா? போலீஸ் கேஸ் வேற ஆயிரும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

எங்கள் பக்கம் வயிற்றுவலி என்பது நோயின் பெயர் மட்டும் இல்லை. சின்ன வயதில் ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டால் வீட்டார் வெளியே சொல்லும் காரணமும் அதுதான். கேட்பவர்களுக்கு உண்மை தெரியும். தெரியாததுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

நர்ஸ் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதைத் துணிச்சல் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு அப்போது இருந்தது கோபம் மட்டும்தான்.

மறுநாள் ஒரு பெண் வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரசாங்கத்தின் மனநலத் திட்டத்தில் சம்பளம் வாங்கும் கவுன்சலர். சிவகிரிக்காரி, என் தங்கை வயதுதான் இருக்கும். வார்டு கவுன்சிலர் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டில்காரர் அவளிடம் சாக்கடை அடைப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"கேஸப் பத்திப் பயப்படாதிய அக்கா. சட்டம் இப்போ பிள்ளைய தண்டிக்கச் சொல்லல, கவனிக்கத்தான் சொல்லுது. அரசாங்கம் கவனிக்கணும்னு எழுதியே இருக்கு."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு காரணம் வேண்டியிருந்தது. பரீட்சையா, செல்போனா, காதலா? அவளாலேயே ஒன்றைச் சொல்ல முடியவில்லை. பல வாரங்களாகத் தூக்கம் இல்லை. டெஸ்ட் மார்க் குறைந்துகொண்டே வந்தது. உயிர்த்தோழி பேச்சை நிறுத்தியிருந்தாள். வாப்பா சவூதியிலிருந்து லீவில் வருவது தள்ளிப்போனது. எல்லாம் சேர்ந்து, "நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னே தோணல உம்மா" என்றாள். கவுன்சலர் வாராவாரம் வந்தாள். மாத்திரை கொஞ்ச காலம், பேச்சு ரொம்ப காலம். கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் கவுன்சலர் திட்டத்தின் இன்னொரு பாதியைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் பார்ப்பது போதாது. பள்ளி, ஜமாஅத், கோயில் கமிட்டி, ஆட்டோ ஸ்டாண்ட், குற்றாலத்துக் கடைக்காரர்கள் என்று எல்லா இடத்திலும் சிலருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். துவண்டு நிற்கும் பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது, 'சாகணும்னு தோணுதா' என்று தயங்காமல் எப்படிக் கேட்பது, யாரைக் கூப்பிடுவது. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது பொய் என்றாள். முதல் கூட்டத்தில் பேச ஒரு தாயோ தகப்பனோ வேண்டும், ஒருவரும் முன்வரவில்லை.

"உங்கள நான் கேக்கல அக்கா. உங்க மக சம்மதம் இல்லாம நீங்களும் பேசக் கூடாது."

அன்று மாலை மகளிடம் கேட்டேன். அவள் பாடப்புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "பேசு உம்மா. ஆனா அழுதுட்டுப் பேசாத. எல்லாரும் பாவம்னு பாப்பாவ. எனக்கு அது வேண்டாம்."

கணவரிடம் வீடியோ காலில் சொன்னேன். அவர் திரையிலிருந்து விலகிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. "நான் அங்கன இருந்தா உன்னைய பேச விட்டிருக்க மாட்டேன். நல்லவேள, இல்ல" என்றார்.

கூட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஹாலைக் கேட்டால், தங்களுக்குக் கெட்ட பெயர் வரும் என்றார்கள். கல்யாண மண்டபத்தில் அபசகுனம் என்றார்கள். கடைசியில் குற்றாலம் ஐந்தருவியில் பஜ்ஜிக்கடை போட்டிருக்கும் ஒரு அண்ணாச்சி, கடைக்காரர்கள் சாமான் வைக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார். "சீசன் இல்லாத நேரம் சும்மாத்தான கெடக்கு. வாங்க" என்றார்.

அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டு உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர்கள், சில வாத்தியார்கள், பள்ளிவாசல் இமாம், கோயில் கமிட்டியில் இருவர். கொழுந்தன் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். மகள் சொன்னது ஞாபகம் இருந்ததால் கண்ணுக்கு முந்தானையைக் கொண்டுபோகவில்லை.

"எம் மகளுக்கு வயித்துவலி இல்ல. அவ சாகப் பாத்தா. இன்னைக்கி உயிரோட இருக்கா, மத்தியானம் எங்கூடச் சண்ட போட்டுட்டுத்தான் சாப்பிட்டா. இதச் சொல்லுததுல எனக்கு வெக்கம் இல்ல. இதச் சொல்லக் கூடாதுன்னு சொன்னவங்களுக்குத்தான் வெக்கம் வரணும்."

பின்னால் கதவோரம் நின்ற பஜ்ஜிக்கடை அண்ணாச்சி வாயைத் திறந்தார். "எங்கக்கா மவனுக்கும் வயித்துவலின்னுதான் சொன்னோம்" என்றார். "அடக்கம் பண்ணதுலேர்ந்து இன்னைக்கி வரைக்கும் அவம் பேர வீட்டுல யாரும் சொல்லுதது கெடையாது." அவர் அழுதார். என் மகளின் நிபந்தனை அவருக்கு இல்லை. பக்கத்தில் இருந்த இமாம் எழுந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் பயிற்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. நான் நடத்தும் தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள், அளவெடுத்து முடித்தபிறகும் போகாமல் நின்றார்கள். "எம் மவன் ஒரு மாதிரி இருக்கான்க்கா" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். சிலர் துணியை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டதும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அண்ணாச்சி போன் செய்தார். ராயகிரியிலிருந்து ஒரு பையன் தனியாக வந்து, காலையிலிருந்து கடைமுன்னால் உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறான். நானும் கவுன்சலரும் ஸ்கூட்டியில் போனோம். அண்ணாச்சி அவன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "ஏலே, இந்த பஜ்ஜி ஆறிரும். தின்னுட்டு அப்புறம் அழு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கவுன்சலர் அவனிடம் அந்தக் கேள்வியை நேராகவே கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அதன்பிறகு அவள் அவனை ஒரு நொடிகூடத் தனியே விடவில்லை.

தகவல் கிடைத்து அவன் அப்பா வந்தார். வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். மகனைக் கட்டிப்பிடித்தவர், ஆஸ்பத்திரி என்றதும் தயங்கினார். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்மா?"

"தெரியட்டும்ண்ணே. தெரிஞ்சாத்தான் நாலு பேரு வருவாவ" என்றேன்.

அவர் மகனோடு ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த வருடமே திட்டத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கவுன்சலரின் ஒப்பந்தம் முடிகிறது. காரணம், இந்தப் பக்கம் அப்படிப் பெரிதாகச் சாவு எதுவும் பதிவாகவில்லையாம். கேட்டதும் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. எப்படிப் பதிவாகும்? வீட்டுக்கு வீடு பொய் சொல்லிப் புதைத்துவிட்டு, அரசாங்கம் எங்களைப் பார்க்கவில்லை என்றால்?

மனு கொடுக்கும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு நாங்கள் கூட்டமாகப் போனோம். தாய்மார்கள், ஆட்டோக்காரர்கள், அண்ணாச்சி. ராயகிரிக்காரரும் மகனை அழைத்து வந்திருந்தார். வேன் ஏற்பாடு செய்தது யார் என்று பார்த்தால் என் கொழுந்தன்; டிரைவர் பக்கத்து சீட்டில் முறைப்பாக உட்கார்ந்திருந்தான். வாடகைக்கு நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டான்.

உள்ளே ஓர் அதிகாரி, "உதவி வேணும்னு கேக்குறீங்க, பரிசீலிக்கிறோம்" என்றார்.

"உதவி இல்ல சார். எங்க வரிப்பணம், எங்க பிள்ளைங்க. பதிவுல இல்லாதவங்கள நாங்க சொல்லுதோம், எழுதிக்கோங்க" என்றேன். அண்ணாச்சி தன் அக்கா மகனின் பெயரை உரக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் மற்றொருவர். அதிகாரி பேனாவை எடுத்தார்.

ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். ஒரு வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடமும் வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம்.

மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். சில நாள் சோர்ந்து கிடப்பாள். அன்று அவளே கவுன்சலருக்குப் போன் போடுவாள். வரும் ஞாயிறு சிவகிரிப் பக்கம் ஒரு தெருவில் கூட்டம். அந்தத் தெருக்காரர்கள் சிலர் எங்களை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை தானே பேசுவதாக மகள் சொல்லியிருக்கிறாள். காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம்.