லேசான வேலை

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மூச்சிழுப்பு வந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மலையேற விடமாட்டார்கள், தேயிலை பெக்டரியில் கூட்டுகிற வேலை கொடுப்பார்கள். அதற்கு லேசான வேலை என்று பெயர்.

அங்கம்மாக்காவுக்கு அது 1998இல் கிடைத்தது. அதுவரை கொழுந்துக்கூடையோடு எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறவள். அவள் வாயில் விழாத கங்காணி இல்லை. ஒரு மழைக்காலச் சளி நெஞ்சிலேயே தங்கி, ஏற்றத்தில் மூச்சு இழுத்தது. கணக்கப்பிள்ளை கஜேந்திரன் இரக்கப்பட்டு அவளைச் சல்லடை அறைக்கு அனுப்பினார். காய்ந்த தேயிலையைச் சலிக்கையில் பறக்கிற பஞ்சுத்தூசு அங்கே தரையெங்கும் படியும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஆறு வருடம் அதைக் கூட்டினாள்.

ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கேலி நின்றுபோயிருந்தது. பதுளைக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பரமலிங்கம் முதலில் கேட்டதே என்ன வேலை என்றுதான். தோட்டத்து மருந்துக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை.

உடம்புக்கு இரண்டு காவல் என்றார் டாக்டர். ஒன்று, எதிரியைப் பழகித் தெரிந்துகொள்வது. மற்றது பிறவியிலேயே இருப்பது. யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். தூசு மூச்சுக்குழாயின் உள்தோலைச் சிராய்த்ததும் அந்தத் தோலே அபாயக்குரல் கொடுக்கும். பிறவிக் காவல் ஓடிவரும், குழாய் வீங்கும். இது ஓயாமல் நடந்தால், தேயிலைத்தூசும் எதிரிதான் என்று பழகுகிற காவலுக்கும் பிறவிக் காவலே சொல்லிக்கொடுத்துவிடும். பிறகு ஒரு சிட்டிகைத் தூசு போதும், மூச்சு இழுக்கும். மருந்து உறிஞ்சினாலும் தூசை விட்டு வெளியே வராமல் தீராது.

ஆக, நோய்க்குக் கொடுத்த சலுகைதான் நோயை வளர்த்திருக்கிறது. ஆறு வருடமும் அதற்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் போய் நின்று நாற்றுமேடை வேலை கேட்டாள்.

"லேசான வேலய விட்டுட்டு வெயில்ல காயப்போறியா? கொழுப்புத்தான் ஒனக்கு" என்றார் கஜேந்திரன்.

"லேசா இருந்தா நீங்க ஒரு வாரம் கூட்டிப் பாருங்கய்யா. வெளக்கமாறு நான் தர்றேன்."

பெண்கள் சிரிப்பை அடக்கவில்லை. கஜேந்திரன் முகம் கறுத்து, நாற்றுமேடைக்குப் பெயர் போட்டார். அதே பெரட்டில் விளக்குமாறு கொழுந்து பறிக்கிற பெரியாயிக்குப் போனது. அவளுக்கும் இழுப்பு.

அன்று மாலை அங்கம்மாக்கா பெரியாயியின் லயத்து வீட்டுக்குப் போய், அந்தத் தூசு நெஞ்சைத் தின்றுவிடும், போகாதே என்று கெஞ்சினாள்.

"ஆறு வருசம் நீ நெழல்ல இருந்த. எனக்குக் கெடச்சதும் வயிறு எரியுதாக்கும்" என்றாள் பெரியாயி.

காலையில் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பெக்டரிக்குப் போனாள். போகிற வழியில் கஜேந்திரனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.