எந்த எலியில் அவர்

களமசேரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலிகளைப் பராமரிப்பது என் வேலை. நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாதபடி மரபணுவை மாற்றிப் பிறக்கவைத்த எலிகள். உடம்பில் முடி கிடையாது. சுருங்கிய இளஞ்சிவப்புத் தோலோடு, பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். மனிதரிடமிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துணுக்கை அந்தத் தோலுக்கடியில் வைத்தால், வேற்றுப்பொருள் என்று தள்ளத் தெரியாமல் வளரவிடும். அதில்தான் புது மருந்துகளைச் சோதிப்பார்கள். எங்களுடைய ஒரு சளிகூட அவற்றைக் கொன்றுவிடலாம் என்பதால் குளித்து, உடை மாற்றி, முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுத்தான் உள்ளே போவோம். தீனிகூட நீராவியில் சுத்தமான பிறகே போகும்.

என் கணவருக்கு மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மண்டியில் வேலை.

“நான் எலிய வெரட்டி சாக்க காப்பாத்துறேன். நீ எலிக்கு வெந்த சோறு போடுற. நல்ல குடும்பம்” என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. எர்ணாகுளத்தில் ஆபரேஷன். அதற்கு முந்தின நாள், எடுக்கும் கட்டியில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று நர்ஸ் வந்து கேட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எடுத்தோளு சிஸ்டரே. என் பொண்டாட்டிதான் அத வளக்கப் போறா.”

அது எங்களிடம்தான் வரும் என்று நிச்சயமில்லை. பல ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் துணுக்குகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

பிறகு கீமோ தொடங்கியது. அவர் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிட்டது. வீட்டிலும் முகமூடி போடுங்கள், ஒரே கட்டிலில் படுக்காதீர்கள் என்றார் டாக்டர். நான் அவர் அறை வாசலுக்கு இந்தப் பக்கம் பாய் விரித்துக்கொண்டேன். எலிகளையாவது கையில் எடுத்தேன். அவரைத் தொடும்போதெல்லாம் பயந்தேன்.

வேலை முடிந்து படகில் வந்து குளித்து, சாயா போட்டுக் கொடுத்தால் அங்கிருந்தே கேட்பார்.

“என்னோடது வந்துச்சா?”

“எப்படித் தெரியும்? நம்பர்தானே வரும்.”

“சாரமில்ல, பரவால்ல. ஏதாவது ஒண்ணப் பத்திச் சொல்லு.”

பஞ்சை இழுத்துக் கூடு கட்டி அதற்குள் தூங்கும் ஒன்றைப் பற்றிச் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“கொள்ளாம், நல்லது. சுகமா இருக்கான்.”

அடுத்த மழைக்கு முன்னால் நெஞ்சில் கிருமி தொற்றி இறந்துபோனார். கடைசி நாட்களில் அவரைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து வேலைக்குப் போனபோது, குடல் கட்டிகள் ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்கு மாற்றப்பட்டு வளர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்றேன். ஆராய்ச்சியை நடத்தும் மேடத்திடம் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“இதுல அவரோடது உண்டா மேடம்?”

மேடம் குறிப்பேட்டை மூடினார்.

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது. குட்டி போடுற எலிங்க ரூமுக்கு மாத்தித் தரட்டுமா? அங்க புற்றுக்கட்டி வச்ச எலி ஒண்ணும் இல்ல.”

வேண்டாம் என்றேன். அவரைக் கொன்ற நோயை நான் வெறுத்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் உடம்பில் ஏதேனும் ஒரு துளி இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அது இந்த அறையில் இருக்கலாம்.

சில மாதங்களில் ஒரு மருந்து வேலை செய்தது. ஒரே நோயாளியின் கட்டி வளர்ந்த ஒரு வரிசைக் கூண்டுகளில் கட்டிகள் சுருங்கின. மேடம் மறுபடி அளந்து பார்த்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். அந்த வரிசை அவருடையதாக இருக்க வேண்டும் என்று ஏங்கினேன். இருக்கவே கூடாது என்றும் நினைத்தேன். இருந்தால், அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து இவ்வளவு பிந்தி வந்திருக்கிறது.

“அடுத்தத பிடிங்க” என்றார் மேடம்.

எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ரப்பரைத் தாண்டி அதன் சூடு தெரிந்தது. அளந்து முடித்த பின்னும் கூண்டில் விடாமல் வைத்திருந்தேன். மேடம் அவசரப்படுத்தவில்லை.