ஒரு ரேடியேட்டர் ஹோஸுக்காக ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி

காலை எட்டு மணிக்கு ஆவடி நிலையத்தில் மின்ரயில் ஏறியபோது என் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, செய்தித்தாளில் சுற்றிய பழைய ரப்பர் ஹோஸ். மற்றொன்று, அதை அளந்து நான் எழுதிய தாள்: உள்விட்டம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். படைத்தளவாடத் தொழிற்சாலையில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டாக ஆய்வாளர் வேலை. வெர்னியர் அளவுகோலை வைத்து நான் அளந்தால் அளந்ததுதான். மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலூர் மாதா கோயிலில் என் மனைவி பிலோமினாவின் தங்கை ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். பிலோமினாவுக்கோ இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. பேருந்துப் படி ஏற முடியாது. வாடகைக் கார் எங்கள் சம்பளத்துக்குக் கட்டாது. இருந்தது மூன்று கை மாறி எங்களிடம் வந்த அம்பாசடர்தான். அதன் ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் போகும் கீழ் ஹோஸ் வியாழக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலிலேயே வெடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமைக்குள் ஹோஸ் கிடைத்தால் அவள் தங்கை கல்யாணத்தைப் பார்ப்பாள், இல்லாவிட்டால் மாட்டாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிலோமினா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தையல் மிஷின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

எட்டு இருபதுக்குப் பட்டரவாக்கம். டிக்கெட் இரண்டு ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்தவரின் வெள்ளை வேட்டியில் என் பொட்டலத்திலிருந்து ஆயில் சொட்டியதற்கு அவர் திட்டியதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல்.

நிலையத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நடந்தேன். வேலைக்குப் போகும் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. முதலில் நுழைந்த பெரிய உதிரிபாகக் கடையில் கம்பெனி ஹோஸ் நூற்றுப்பத்து ரூபாய் என்றார்கள். அதுவும் கைவசம் இல்லை, வர பத்து நாளாகும். அங்கே வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர்தான், மூன்றாவது தெருக் கோடியில் ரப்பர் பட்டறை இருக்கிறது, லாரிக்காரர்கள் எல்லாம் அங்கேதான் வாங்குகிறார்கள் என்று வழிகாட்டினார்.

பட்டறையில் ரப்பர் வேகும் வாடை மூக்கைத் துளைத்தது. பட்டறைக்காரர் என் ஹோஸைக் கையில் வாங்கி இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா சார், இது இப்டி மெத்து மெத்துனு கீது. வண்டியில கழுத்த அளந்தியா?"

கழுத்து என்று அவர் சொன்னது ஹோஸ் மாட்டும் இரும்புக் குழாயின் வாயை. நான் தாளை நீட்டினேன். "நாற்பத்திரண்டு. வெர்னியர்ல பார்த்தது."

"அதுக்கில்ல சார். கழுத்துதான் கரீட்டா சொல்லும்."

"பழைய ஹோஸே கையில இருக்கும்போது கழுத்து எதுக்குங்க?"

அவர் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நாற்பத்திரண்டிலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தைந்து ரூபாய். கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரயிலில் திரும்பும்போது எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டரைக்கு பானெட்டைத் திறந்து மாட்டினேன். ஹோஸ் கழுத்தில் லொடலொட என்று ஆடியது. கிளிப்பை எவ்வளவு முறுக்கியும் ரப்பர் மடிந்ததே தவிரப் பிடிக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் எல்லாம் தரையில். பத்து நிமிடம் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிலோமினா ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பழைய ஹோஸை வாங்கிப் பார்த்தாள்.

"இது மேல எண்ணெய் ஒழுகுதா?"

"என்ஜின் ஆயில். ரெண்டு வருஷமா லேசா ஒழுகுது."

"அதான் ஊறி ஊதிப்போயிருக்கு. அளவு ஜாக்கெட் கொடுப்பாங்கல்ல, அது தொளதொளன்னு கிடந்தா அதை வச்சு நான் தைக்கிறதில்லைங்க. கையைத்தான் அளப்பேன்."

பட்டறைக்காரர் இதையேதான் நாசூக்காகச் சொல்லியிருந்தார். அளவு எடுக்கத் தெரிந்த எனக்கு எதை அளப்பது என்று தெரியவில்லை. அவள் தையல் நூலை நாலாக முறுக்கிக் கொடுத்தாள். இரும்புக் கழுத்தைச் சுற்றி, முனை தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டேன். வெர்னியரிலும் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. முப்பத்தெட்டு. மேல் கழுத்தையும் பார்த்தேன், அதே அளவு.

அரை நாள் வேலை முடிந்து அம்பத்தூர்ப் பட்டறைகள் மூடும் நேரம். அதனால் நூலையும் பழைய ஹோஸையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குப் பூந்தமல்லி பேருந்து பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். பருத்திப்பட்டு தாண்டியதும் இருபுறமும் வயல். சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. மல்லிகை வாசனையில் எனக்கு வேலூர் ஞாபகம் வந்து, பேருந்து நின்று நின்று போவது எரிச்சலாக இருந்தது.

பூந்தமல்லியில் பெங்களூர் சாலையோரம் லாரிகள் நிற்குமிடத்தில் வரிசையாக உதிரிபாகக் கடைகள். மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் கல்லாவில் இருந்தார். நூலைக் காட்டினேன்.

"கழுத்துல சுத்துனதா, ஹோஸுல சுத்துனதா நைனா?"

"கழுத்துல."

"அப்ப குந்து."

கடையில் அளவுக்கென்று இரும்புக் குழாய்த் துண்டுகளை ஆணியில் மாட்டியிருந்தார். என் நூலை ஒவ்வொன்றிலும் சுற்றிப் பார்த்து, முடிச்சு சேர்ந்த துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேனுக்குப் போடும் நீள ஹோஸ் ஒன்றுடன் வந்தார். வளைவு என் பழைய ஹோஸின் வளைவோடு ஒத்திருந்தது. அதை மடித்து வெயிலில் காட்டினார்.

"பாத்துக்கோ, மடிச்சா வெடிப்பு வுடக் கூடாது. உள்ள துணி மூணு சுத்து கீது. ரெண்டு முனையும் வெட்டித் தரேன். எங்க போவுது வண்டி?"

"வேலூர். மச்சினிச்சி கல்யாணம்."

"அப்ப மேல் ஹோஸும் மாத்திக்கினு போ. கீழ புதுசு போட்டா மேல இருக்கிற கெழடு அடுத்து புட்டுக்கும்."

இரண்டும் கிளிப்போடு சேர்த்து ஐம்பத்தெட்டு ரூபாய். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மாலை ஐந்தரைக்குள் மாட்டி முடித்தேன். கழுத்தில் ஏற மறுத்து, சோப்புத் தண்ணீர் தடவியபின்தான் ஏறியது. அந்த இறுக்கத்தில் எனக்கு உயிர் வந்தது. கோவில்பதாகை வரை ஓட்டிப்போய்த் திரும்பி, அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். ஞாயிறு காலையிலும் தாள் காய்ந்தே கிடந்தது.

திங்கள் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் பிலோமினா காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தாள். பூந்தமல்லியில் அந்தக் கடை இன்னும் திறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பிரிவு, வாலாஜா. வாலாஜாவில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன், ஒரு சொட்டு இல்லை. நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, எட்டரைக்கெல்லாம் கோயில் வாசலில் வண்டி நின்றது. கல்யாணச் சேலையோடு ஓடிவந்த ஜெசிந்தா கார் கதவிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவள் உள்ளே போனதும் பிலோமினா கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மேலே ஜெசிந்தாவின் பெயர். பிரித்தேன். 'கால் இப்படி இருப்பதால் என்னால் வர முடியவில்லை, மாமாவிடம் மோதிரம் கொடுத்தனுப்புகிறேன்' என்று இருந்தது. மாமா என்றது என்னைத்தான். வெள்ளிக்கிழமை எழுதியது. தொழிற்சாலையில் எத்தனையோ பொருளைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னையும் என் வண்டியையும் அவள் மூன்று நாள் முன்பே திருப்பி அனுப்பியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சுருக்கென்று இருந்தது.

"திரும்பப் போறதும் இதே வண்டியிலதானே?" என்றாள்.

"ஆமா."

"அப்ப கிழிச்சுப் போட்டுட்டு, என்னை இறக்கிவிடுங்க."