ஒரே கடையில் மட்டும் கிடைக்கும்

கேம் சென்டர் நடத்துகிறவளுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பாதி நேரம் பஞ்சாயத்து பண்ணவேண்டியிருக்கும் என்று.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் சென்டர். முன்பு அது நெட் சென்டர். எல்லார் கையிலும் போன் வந்ததும் பிரிண்ட் எடுக்கக்கூட ஆள் வரவில்லை. சேமிப்பைப் போட்டு நல்ல கம்ப்யூட்டர்களாக வாங்கி, விளையாட்டுக்கு மாறினேன். கூட்டம் வந்தது. கூடவே தலைவலியும் வந்தது.

அந்தத் தலைவலி என்னவென்று உங்களில் பலருக்கு நான் சொல்லவே வேண்டாம். முன்பு விளையாட்டு சிடியில் வந்தது. வாங்கினோம், போட்டோம், ஆடினோம். இப்போது நெட்டில் இருக்கிற கடைகளில்தான் வாங்கவேண்டும். ஒரு பழைய கடை இருந்தது. எல்லாரும் வருஷக்கணக்காக அங்கேதான் வாங்கிவைத்திருந்தார்கள். பிறகு ஒரு புதுக் கடை வந்தது. விளையாட்டு செய்கிறவர்களுக்கு முன்பணம் கொடுத்து, "ஒரு வருஷத்துக்கு எங்களிடம் மட்டும்தான் விற்கவேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டது. அதன் பிறகு நீங்களும் நானும் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன். அந்தக் கடைகளின் பெயர்கள் வேண்டாம். பழைய கடை, புதுக் கடை என்றே வைத்துக்கொள்வோம்.

வஞ்சரம்

செல்வம் எண்ணூர்க்காரர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகிற ட்ரெய்லர் ஓட்டுகிறார். வாரம் முழுக்க வரிசையில் நின்று, நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்துகிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் சென்டருக்கு வந்து கார் ரேஸ் ஆடுவார். அந்த ரேஸ் விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களையும் பழைய கடையில் வாங்கியிருந்தார். ஜெயித்த கார்களுக்கெல்லாம் தன் கையால் வர்ணம் அடித்து, ஒன்றுக்கு மகள் பெயரையே வைத்திருந்தார்.

மூன்றாம் பாகம் வந்த அன்று குளித்து, புதுச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வந்தார். நான்தான் உடைத்துச் சொல்லவேண்டியிருந்தது. விளையாட்டு வந்துவிட்டது, ஆனால் புதுக் கடையில் மட்டும். அங்கே புதிதாகக் கணக்கு தொடங்கவேண்டும். மகள் பெயர் வைத்த கார் அங்கே வராது. "இன்னாத்துக்கு?" என்றார். முன்பணம், ஒப்பந்தம் என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "அக்கா, காசிமேட்டு மீன் மார்க்கெட்டுல வஞ்சரம் ஒரே ஒருத்தன் கடையிலதான் விப்பேன்னு ஒருத்தன் குந்திக்கினான்னா, ஜனம் சும்மா வுடுமா? கூடையக் கவுத்துட்டுப் போய்க்கினே இருக்கும்!"

சொல்லிவிட்டு, புதுக் கடையில் கணக்கு தொடங்கித் தரச் சொன்னார்.

இம்ரானின் விரதம்

செல்வத்தின் தோஸ்து இம்ரான். வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் துணி மொத்த வியாபாரம். செல்வம் வளைந்துகொடுக்கிற ஆள் என்றால் இம்ரான் நேர் எதிர். இருவரும் சேர்ந்து ஆடுகிற ஒரு பேய் விளையாட்டின் அடுத்த பாகமும் புதுக் கடைக்குப் போனபோது, "அந்தக் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒரு வருஷம் ஆவட்டும், பழைய கடைக்கு வரும், அப்பால வாங்குவேன்" என்று இம்ரான் என் கவுன்டரில் வைத்துச் சபதம் செய்தார். செல்வம் உடனே வாங்கிவிட்டார். அடுத்த ஒரு வருஷம் நான் பட்ட பாடு இருக்கிறதே! செல்வம் கதையைச் சொல்ல வாயைத் திறந்தால் இம்ரான் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விடுவார். டீயை நான் கீழே அனுப்பவேண்டும்.

ஒரு வருஷம் முடிந்தது. பழைய கடையில் விளையாட்டு வந்தது. இம்ரான் வாங்கினார். அவர் தன் வீட்டிலும் செல்வம் தன் வீட்டிலும் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினால், ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவே முடியவில்லை. புதுக் கடையில் வாங்கியவரோடு பழைய கடையில் வாங்கியவர் சேர்ந்து ஆடுகிற வசதியை அந்த விளையாட்டில் வைக்கவே இல்லை. போனில் சண்டை முற்றி, பேச்சுவார்த்தை நின்று, இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து புகார் சொன்னார்கள்.

நான் தேடிப் பார்த்ததில், ஒரே திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரவழைத்து ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஆடினார்கள். முதல் பேய் வந்ததும் இருவரும் சேர்ந்து அலறினார்கள். போகும்போது இம்ரான் சொன்னார்: "இம்மாம் பெரிய நெட்டு இருந்தும் நம்மள ஒரே பொட்டி முன்னாடி குந்த வெச்சிட்டானுங்கோ. ஆனா மாமு, நீ பக்கத்துல இருந்தா திட்டுறதுக்கு வசதியாத்தான் கீது!"

கப்பலில் திறக்காத கடை

ராயபுரம் ஸ்டெல்லாவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். கப்பல் ஏறுவதற்கு முன் லேப்டாப்பில் விளையாட்டுகளை இறக்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். அதற்கு என் சென்டரின் நெட்தான். ஒரு முறை அவர் ஆசைப்பட்டது ஒரு பெரிய கதை விளையாட்டு. அது புதுக் கடையில் மட்டும் இருந்தது. இறக்கிக் கொடுத்தேன். ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நடுக்கடலில் அந்த விளையாட்டு, "நெட்டில் வந்து கடைக்குள் நுழைந்தால்தான் திறப்பேன்" என்று நின்றுவிட்டது. கப்பலில் கொடுக்கிற நெட் வீட்டோடு பேசுவதற்கு மட்டும். விளையாட்டுக் கடைகளையெல்லாம் அதில் திறக்க முடியாதபடி தடுத்துவைத்திருந்தார்கள். பழைய கடையில் வாங்கியவற்றை அவர் ஏற்கெனவே ஆடி முடித்திருந்தார். பயணம் முழுக்கப் பொழுது போக வழியில்லை. ஸ்டெல்லா என் சென்டருக்கு வந்து இதைச் சொன்னபோது, நான் இறக்கிக்கொடுத்ததில்தான் ஏதோ கோளாறு என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, கடையின் விதிமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்: "ஐயோ அக்கா, நீங்க ஒண்ணு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த டிரிப்லதான் மனுஷன் தெனம் போன் பண்ணி, சாப்ட்டியா, இன்னா கொழம்புன்னு கேட்டுகினு இருக்காரு. அடுத்த வாட்டியும் அந்தக் கடையிலயே வாங்கிக் குடுத்துடுங்க!"

வரிசையில் நில்

இதுவரை ஆடுகிறவர்கள் கதை. இனி விளையாட்டைச் செய்கிறவர்கள் கதை.

கவிதாவும் பிரபுவும் எம்.கே.பி. நகர். கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே நாளில் வேலையை விட்டவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ட்ரெய்லர் டிரைவர் எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்கிறார். துறைமுக கேட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். நடுவில் புழுதி, டீ, பஞ்சர், குறுக்கே புகுகிற வண்டி, வீட்டிலிருந்து போன். அவ்வளவுதான் விளையாட்டு. பெயர் 'லைன்ல நில்லு'. வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் போதவில்லை என்று என் சென்டருக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் ஆடினார்கள். பழைய கடையில் இது வரும் என்று அறிவித்திருந்ததால், கவிதா சொன்னபடி அந்தப் பக்கத்தில் போய் 'எனக்கு வேண்டும்' என்று எல்லாரும் அழுத்திவைத்தார்கள். இம்ரான் தன் கடை ஆட்கள் அத்தனை பேரையும் அழுத்தவைத்தார். செல்வம் மட்டும் அந்த விளையாட்டின் கிட்டேயே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதாவே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில், திரையில் குறுக்கே புகுந்த லாரியைப் பார்த்து எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். கேட்டைத் தொட்டதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாரம் பூரா சம்பளம் வாங்கினு லைன்ல நிக்கிறேன், லீவு நாள்ல துட்டு குட்த்து லைன்ல நிக்க வெக்கிறியேம்மா. ஆனா மெய்யாலுமே சூப்பரா கீது!"

ஒப்பந்தம்

விளையாட்டு முடிகிற நேரத்தில் அவர்கள் கையிருப்பு முடிந்துவிட்டது. பிரபு பெங்களூரில் ஒரு வேலைக்கு நேர்காணல் போய்வந்தான். கவிதா வீட்டில் அம்மாவின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் புதுக் கடையிலிருந்து கடிதம் வந்தது: ஒரு வருஷம் எங்களிடம் மட்டும், அதற்கு முன்பணம். விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தப் பணம் உங்களுடையது.

இரண்டு பேரும் என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். பிரபு வாங்கிவிடலாம் என்றான். கவிதா, பழைய கடையில் அழுத்தி வைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றாள். "எனக்கு ரெண்டு கடையிலும் வந்தால்தான் நல்லது. ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு என் யோசனையில் எரியப்போவதில்லை, நீங்களே முடிவெடுங்கள்" என்றேன்.

முடிவெடுத்தாள் கவிதா. என் சென்டரிலிருந்தே புதுக் கடைக்காரரோடு வீடியோவில் பேசினாள். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இந்த விளையாட்டைச் சோதித்துக் கொடுத்தவர்கள் இந்த சென்டரில் எப்போதும் போல் ஆடுவார்கள், அதை நிறுத்தச் சொல்லக்கூடாது என்றாள். வெளிநாட்டில் இருந்த அந்த மனுஷருக்கு முதலில் புரியவே இல்லை. அப்படியெல்லாம் வழக்கம் இல்லை என்றார். இவள் விடவில்லை. சில நாள் கழித்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆடிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அன்று பிரபு பெங்களூர்க்காரர்களிடம் வேலைக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்: "அக்கா, இவ்ளோ நாளா இந்த கேமுக்கு நாங்க வேலை பாத்தோம், இன்னிலேர்ந்து அது எங்களுக்கு வேலை குடுக்குது!"

திட்டு

செய்தி வெளியானதும் நெட்டில் திட்டு மழை. துரோகி, பேராசைக்காரி என்று ஆரம்பித்து, கவிதாவின் ஊரையும் வீட்டையும் இழுத்து எழுதினார்கள். பிரபு, கொஞ்ச நாள் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்றான். கவிதா அந்த ஞாயிற்றுக்கிழமையே சென்டருக்கு வந்துவிட்டாள். அன்று கூட்டம் அதிகம். இம்ரான் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயும் வித்துட்ட இல்ல?" என்றார்.

கவிதா நின்றபடியே பேசினாள். "ஆமாண்ணா. வித்திருக்காட்டி இந்த கேமே வந்திருக்காது. பாதில மூடிவெச்சிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போயிருப்போம். ஒரு வருஷம் காத்திருக்கறதும் வாங்காம போறதும் உங்க இஷ்டம். அதுல எனக்கு ஒண்ணும் கோவமில்ல."

"அது சரிம்மா. பழைய கடையில வரும்னு எங்கள அழுத்தச் சொன்னியே, மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னியா?"

கவிதா, "சொல்லியிருக்கணும். அறிவிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. அந்த வரிய எடுக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கணும், போடல. அதுக்கு மட்டும் மன்னிச்சிக்குங்க" என்றாள். அப்போதும் அவள் தலை குனியவில்லை. அதையே அன்று மாலை நெட்டிலும் எழுதினாள்.

இம்ரான் எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "குந்து தங்கச்சி. அந்தக் கடைக்கு நான் துட்டு தர மாட்டேன், ஒரு வருஷம் காத்துகினுதான் இருப்பேன். ஆனா அதுக்குள்ள எவனாச்சும் உன்ன கலீஜா திட்டுனான்னா, அவன என்னாண்ட அனுப்பு!"

பழைய கடையில் முதல் நாள்

புதுக் கடையில் விளையாட்டு சுமாராகப் போனது. வாங்கியவர்கள் ரசித்தார்கள், ஆனால் ரசித்ததை நாலு பேருக்குச் சொல்ல அங்கே இடமில்லை. முன்பணம் இருந்ததால் இருவரும் நிம்மதியாக வேலை செய்தார்கள். எம்.கே.பி. நகரிலேயே ஓர் அறை எடுத்து, ஒலிப்பதிவுக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, டிரைவர்களின் பேச்சையெல்லாம் அசல் குரலில் சேர்த்தார்கள். குறுக்கே வருகிறவனைத் திட்டுகிற குரல் செல்வத்துடையது.

ஒரு வருஷம் கழித்துப் பழைய கடையில் வந்த நாள் காலையில், கவிதாவும் பிரபுவும் என் சென்டரில்தான் இருந்தார்கள். இத்தனை நாளில் யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்ற பயம். முதலில் வாங்கியது இம்ரான். கட்டுரை மாதிரி நீளமாகப் பாராட்டி எழுதிவிட்டு, கடைசியில் புதுக் கடையையும் நாலு வரி திட்டியிருந்தார். மத்தியானம் வரை அவர் எழுதியது மட்டும்தான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். துறைமுகம் இருக்கிற எந்தெந்த ஊர்க்காரர்களோ, "எங்கள் ஊர் துறைமுக கேட்டும் இப்படித்தான்" என்று எழுதினார்கள். சென்ற வருஷம் திட்டியவர்களில் சிலரும் வாங்கினார்கள், திட்டிக்கொண்டேதான் வாங்கினார்கள். பிரமாதமாக ஓடியது என்று சொல்லமாட்டேன். நிற்காமல் ஓடுகிறது.

இப்போது இரண்டாவது விளையாட்டு தயாராகிறது. புதுக் கடைக்காரர் மறுபடி கேட்டார். முன்பணமும் முன்னைவிடக் கூடுதல். இந்தத் தடவை எல்லாக் கடையிலும் ஒரே நாளில்தான் என்று கவிதா சொல்லிவிட்டாள். அவரிடம் ஆங்கிலத்தில் பேசியதைப் பிறகு எங்களிடம் தமிழில் சொல்லிக்காட்டினாள்: "மொத வாட்டி எங்கள எழுப்பி நிக்க வெச்சீங்க, அதுக்கு நன்றி சார். இப்ப எங்களுக்கு நடக்க வந்துடுச்சு."

ஆகவே, என்னோடு அவதிப்படுகிற அன்பர்களே, விளையாட்டு எந்தக் கடையில் மட்டும் வந்தாலும் சரி, அந்தக் கடையின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு எல்லாரும் வந்து நிற்பதென்னவோ என் கவுன்டரில் மட்டும்தான்.